வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரே வேலை விட்டுச்சென்ற மூன்று குடும்பப் பெயர்கள்

கார் துரத்தல் படங்களால் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் பழக்கமானவர் பால் வாக்கர். ஜாக்கி சானோடு சேர்ந்து எல்லோரையும் சிரிக்க வைத்தவர் கிறிஸ் டக்கர். முக்கோணச் சட்டங்களைக் கோத்துப் பிரம்மாண்டமான கோளக் கூரைகளை எழுப்பியவர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். மூவரும் அமெரிக்கர்கள், வெவ்வேறு குடும்பங்களில் பிறந்தவர்கள். ஆனால் இவர்களின் குடும்பப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் மூன்றும் இடைக்கால இங்கிலாந்தில் ஒரே தொட்டியில் போய் நிற்கும். கம்பளித் துணியைப் போட்டுக் காலால் மிதித்த தொட்டி அது.

அந்த வேலையைச் செய்தவரை இங்கிலாந்தின் வடக்கே வாக்கர் என்றார்கள், தென்கிழக்கே ஃபுல்லர் என்றார்கள், தென்மேற்கே டக்கர் என்றார்கள். வேலை ஒன்றுதான், வட்டார வழக்குதான் வேறு. அந்தந்த வட்டாரத்தில் புழங்கிய சொல் ஆட்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, வேலையே மறைந்த பிறகும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது. ஆங்கிலக் குடும்பப் பெயர் ஒன்றைப் பார்த்ததும் 'இவருடைய மூதாதை யார்?' என்று கேட்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அதற்குப் பெரும்பாலும் பதில் கிடைக்காது. 'இந்தப் பெயர் எந்தப் பக்கத்துப் பேச்சு?' என்று கேட்டால் நல்ல பதில் கிடைக்கும். வாக்கர் என்ற பெயரை வைத்தே இதைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர்களில் முதல் 20 இடங்களுக்குள் வருவது அது.

மிதிப்பது எதற்கு?

பருத்தியும் பட்டும் உடுத்திப் பழகிய நமக்கு இந்த வேலை கொஞ்சம் புதிதாகத்தான் இருக்கும். பருத்தித் துணி தறியிலிருந்து இறங்கினால் கஞ்சியை அலசிவிட்டுக் கட்டிக்கொள்ளலாம். கம்பளி அப்படி இல்லை. ஆட்டு மயிரில் இயல்பாகவே ஒரு பிசுக்கு உண்டு. நூற்கும்போது இழை வழுக்கிக்கொண்டு வருவதற்காக எண்ணெயோ வெண்ணெயோ வேறு தடவுவார்கள். ஆகவே தறியை விட்டு இறங்கும் கம்பளித் துணி பிசுபிசுவென்று, இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிற அளவுக்குத் தளர்ந்து கிடக்கும். இங்கிலாந்தின் மழைக்கும் குளிருக்கும் அதை உடுத்திப் பயனில்லை.

அந்தத் துணிக்கு இரண்டு காரியங்கள் ஆக வேண்டும். பிசுக்கு போக வேண்டும், இழைகள் நெருங்க வேண்டும். கம்பளி மயிரின் மேற்பரப்பில் மிக நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் அழுத்தமும் ஒன்றாகச் சேரும்போது பக்கத்துப் பக்கத்து மயிர்களின் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கவ்வியவை பிறகு விடாது. துணி நீளத்திலும் அகலத்திலும் சுருங்கி, தடித்து, இறுகிவிடும். மூன்றில் ஒரு பங்கு சுருங்குவது சாதாரணம். சில வகைத் துணிகள் பாதியாகவே சுருங்கும். நெசவாளர் இதைக் கணக்கில் வைத்துத்தான் ஆரம்பத்திலேயே அகலமாக நெய்வார்.

தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். அதில் நாள்பட்ட சிறுநீர். அருவருப்பாகத் தோன்றலாம், ஆனால் சோப்பு விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் இதைவிட நல்ல அழுக்கு நீக்கி கிடையாது. சிறுநீரைச் சில நாட்கள் வைத்திருந்தால் அதில் அமோனியா உண்டாகும்; அது எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து நுரைத்துப் பிசுக்கைக் கழற்றிவிடும். ரோமானியர் காலத்திலேயே இது நடைமுறை. பாம்பேயி நகரத்தின் இடிபாடுகளில் துணி மிதிக்கும் தொட்டிகள் வரிசையாக இருப்பதை இன்றும் பார்க்கலாம். பேரரசர் வெஸ்பாசியன் சிறுநீருக்கே வரி போட்டார். யார்க்ஷயரில் 19-ஆம் நூற்றாண்டு வரை கம்பளித் தொழிலுக்காக வீடு வீடாகச் சிறுநீர் சேகரித்தார்கள்.

சிறுநீருக்கு அடுத்தது மண். பிசுக்கை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். சர்ரே மாவட்டத்தின் நட்ஃபீல்டு, பாத் நகரத்தின் சுற்றுப்புறம், பெட்ஃபோர்ட்ஷயரின் வோபர்ன் ஆகிய இடங்களில் இந்த மண் நிறையக் கிடைத்தது. ஆங்கிலேயர் இதை எவ்வளவு மதித்தார்கள் என்றால், போட்டி நாடுகளின் கம்பளித் தொழில் வளர்ந்துவிடக் கூடாது என்று 17-ஆம் நூற்றாண்டில் இதன் ஏற்றுமதியையே தடை செய்தார்கள். இந்த மண் நமக்கும் நன்றாகத் தெரிந்ததுதான். முகத்தில் எண்ணெய் வழிகிறது என்று நம் வீடுகளில் குழைத்துப் பூசிக்கொள்ளும் முல்தானி மிட்டி இதே வகை மண். பொட்டலத்தின் மேல் ஆங்கிலத்தில் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று போட்டிருக்கும். ஃபுல்லர் என்ற தொழிலாளியின் பெயர் அந்த வழியாக நம் குளியலறை வரைக்கும் வந்துவிட்டது.

சரி, தொட்டியில் துணி ஊறிவிட்டது. இப்போது ஆள் உள்ளே இறங்க வேண்டும். முழங்கால் வரை அந்தக் கரைசலில் நின்று, மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். ஒரே இடத்தில் மிதித்தால் துணி ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்துவிடும். அதனால் மிதித்துக்கொண்டே திருப்பிப் போட வேண்டும், மடிப்பை மாற்ற வேண்டும், எங்கே இறுகியிருக்கிறது எங்கே இன்னும் தளர்ந்திருக்கிறது என்று பாதத்தால் உணர வேண்டும். அதிகம் மிதித்துவிட்டால் துணி பாழ், குறைத்து மிதித்தாலும் பாழ். உடல் வலு மட்டும் போதாது, பக்குவம் தெரிந்த காலும் வேண்டும்.

அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, வெளியே மரச்சட்டங்களில் கொக்கி மாட்டி இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் ஒரு முட்செடியின் உலர்ந்த பூத்தலையால் துணியின் மேல் கீறி மயிரை எழுப்புவார்கள். எழும்பிய மயிரைப் பெரிய கத்தரியால் சீராக வெட்டினால் பட்டுப் போன்ற மேற்பரப்பு கிடைக்கும். அந்தத் துணிதான் இங்கிலாந்தின் செல்வம். 14-ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் கம்பளி மயிரையே ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு, பிறகு துணியாகவே விற்கத் தொடங்கியபோது அதன் வரலாறே மாறியது. அந்த மாற்றத்தின் அடியில் இந்த மனிதர்களின் கால்கள் இருக்கின்றன.

மூன்று சொற்களின் பிறப்பு

ஃபுல்லர் என்ற சொல்லின் வேர் லத்தீன். ரோமில் இந்தத் தொழிலாளியின் பெயர் ஃபுல்லோ. அது பழைய ஆங்கிலத்துக்குள் வந்து ஃபுல்லராகியது; பிரான்சின் வடக்கிலிருந்து படையெடுத்து நார்மன்கள் வந்த பிறகு, மிதித்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லும் கைகொடுத்தது. பிரெஞ்சின் செல்வாக்கு மிகுந்த தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் இந்தச் சொல் நிலைத்ததில் வியப்பில்லை.

வாக்கர் சுத்தமான ஜெர்மானியச் சொல். பழைய ஆங்கிலத்தில் வெயால்கன் என்றால் புரட்டுதல், உருட்டுதல். அலை புரள்வதற்கும் அதே வினைதான். துணியைத் தொட்டியில் போட்டுப் புரட்டி மிதிப்பவர் வெயால்கெரே. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் துணி மிதித்துத் தடிப்பாக்குவதை வால்கன் என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த வினை காலப்போக்கில் பொருள் மாறி, 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் காலால் நடப்பதைக் குறிக்கத் தொடங்கியது. ஆகவே வாக்கர் என்ற பெயர் 'நடப்பவர்' என்பதிலிருந்து வரவில்லை. துணியைப் புரட்டி மிதித்தவரின் பெயரும் இன்றைய 'நடை'யும் ஒரே பழைய வேரில் கிளைத்தவை.

டக்கரும் பழைய ஆங்கிலம்தான். தூகியன் என்ற அந்த வினைக்கு முதலில் வதைத்தல், வருத்துதல் என்று பொருள். துணியை அடித்து இழுத்து வருத்துவதால் அந்தப் பெயர் வந்திருக்கிறது. மூன்றில் இதுதான் வேலையின் கடுமையை நேராகச் சொல்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரே நாட்டுக்குள் ஒரு வட்டாரத்தாருக்கு இன்னொரு வட்டாரத்துச் சொல் புரியாமல் போகலாம் என்பதற்கு ஒரு அழகான சான்று உண்டு. 1380-களில் ஜான் விக்லிஃப் என்ற சமயச் சீர்திருத்தவாதியின் குழுவினர் பைபிளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்தில், பூமியில் எந்த வெளுப்பவரும் வெளுக்க முடியாத அளவுக்கு இயேசுவின் உடை வெண்மையாக மின்னியது என்று வரும். முதல் வடிவத்தில் அந்த இடத்தில் 'ஃபுல்லர் அல்லது துணி வாக்கர்' என்று இரண்டு சொற்களையும் போட்டிருக்கிறார்கள். தெற்கே ஒருவர் படிப்பார், வடக்கே ஒருவர் படிப்பார். இருவருக்கும் விளங்க வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது.

வேலை எப்போது பெயரானது?

1066-இல் நார்மன்கள் வருவதற்கு முன் இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஒருவருக்கு ஒரு பெயர்; தேவைப்பட்டால் அடையாளத்துக்கு ஒரு பட்டப்பெயர். நார்மன் பிரபுக்கள் தங்கள் நிலத்தின் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள், சொத்துரிமைக்கு அது வசதி. வழக்கம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. இதற்கிடையில் இன்னொரு நெருக்கடியும் முளைத்தது. பழைய ஆங்கிலேயப் பெயர்கள் வழக்கொழிந்து, எல்லோரும் ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்டு, தாமஸ் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களையே பிள்ளைகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். ஒரு கிராமத்தில் பத்து ஜான் இருந்தால் வரி வசூலிப்பவர் என்ன செய்வார்? 'மிதிக்கிற ஜான்', 'ஆற்றோரத்து ஜான்', 'குள்ள ஜான்', 'ராபர்ட்டின் மகன் ஜான்' என்று எழுத வேண்டியதுதான்.

13-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் இந்தப் பெயர்களுக்கு முன்னால் 'லெ' என்ற பிரெஞ்சுச் சொல் ஒட்டியிருக்கும். ரிச்சர்டு லெ வாக்கர் என்றால் துணி மிதிக்கும் ரிச்சர்டு. அந்தக் கட்டத்தில் அது வேலையைத்தான் சொல்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் அந்த 'லெ' மெல்ல உதிர்கிறது. வாக்கர் என்பவரின் மகன் ரொட்டி சுட்டாலும் வாக்கர்தான், ஏர் உழுதாலும் வாக்கர்தான் என்று ஆகிறது. அப்போதுதான் அது குடும்பப் பெயர். தென்பகுதியில் சாதாரண மக்களிடம் இது 14-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டது. வடக்கே இன்னும் இரண்டு மூன்று தலைமுறைகள் பிடித்தன. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் ஆள் கணக்கில் விதித்த தலைவரியின் பட்டியல்கள் இந்த மாற்றத்தை நடுவழியில் பிடித்துக் காட்டுகின்றன. பெயரும் தொழிலும் பொருந்துகிறவர்களும் அவற்றில் இருக்கிறார்கள், பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று உத்தரவிட்டதும் பெயர்கள் தாளில் கட்டுண்டன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிற்பெயர் என்றதும் நமக்குச் சாதி நினைவுக்கு வரும். இது அது இல்லை. வாக்கரின் மகன் வாக்கர் வேலைதான் செய்ய வேண்டும் என்றோ, வாக்கர் வீட்டில்தான் பெண் எடுக்க வேண்டும் என்றோ எந்தக் கட்டும் இருக்கவில்லை. பெயர் தொழிலிலிருந்து பிரிந்து தனியாக நகர்ந்ததுதான் இதன் அடிப்படையே.

கால் போய்ச் சக்கரம் வந்தது

இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது காலக்கணக்கு. வாக்கர் என்பது பரம்பரைப் பெயராக உறைந்துகொண்டிருந்த அதே காலத்தில், மிதிக்கும் கால்களுக்கு வேலை போய்க்கொண்டிருந்தது.

இங்கிலாந்தில் துணி மிதிக்கும் நீராலைகளுக்கான மிகப் பழைய பதிவுகள் 1185-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. டெம்ப்ளர் என்ற போர்த்துறவிகள் தங்கள் சொத்துக்களைக் கணக்கெடுத்தபோது யார்க்ஷயரில் ஒன்றையும் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் ஒன்றையும் பதிந்தார்கள். ஆற்று நீர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தின் அச்சு கனமான மரச் சுத்தியல்களைத் தூக்கித் தூக்கிப் போடும். கீழே தொட்டியில் துணி புரண்டுகொண்டிருக்கும். பல பேர் நாள் முழுக்க மிதிக்கும் துணியை ஒருவர் மேற்பார்வையில் சுத்தியல்கள் முடித்துவிடும். 13-ஆம் நூற்றாண்டில் இவை வேகமாகப் பரவின. பொருளாதார வரலாற்றாசிரியர் எலினோரா கேரஸ்-வில்சன் 1941-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை 13-ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே அழைத்தார். அவர் சொன்ன அளவுக்கு இதன் தாக்கம் பெரியதா என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். ஆனால் நெசவுத் தொழிலில் முதன்முதலில் இயந்திரமயமான கட்டம் இதுதான் என்பதில் தகராறு இல்லை.

ஆலை என்றால் உடைமையாளர் என்று ஒருவர் உண்டு. ஆலையைக் கட்டிய நிலவுடைமையாளர்கள், தங்கள் ஆளுகைக்குட்பட்டவர்கள் அந்த ஆலையில்தான் துணி மிதிக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் 1274-இல் இது பெரிய மோதலாக வெடித்தது. அங்கே ஊர் முழுவதும் துறவிமடத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. மடம் தன் ஆலைகளுக்குப் பெரும் பணம் செலவழித்திருந்தது. ஊர்க்காரர்களோ வீட்டிலேயே காலால் மிதித்துக்கொண்டார்கள். மடத்துக்காரர்கள் வந்து துணிகளைப் பறிமுதல் செய்ய, ஊரார் பணம் திரட்டி வழக்கு நடத்தினார்கள். ராணி எலினோர் அந்த வழியாக வந்தபோது ஊர்ப் பெண்கள் திரண்டு போய் அவரிடம் முறையிட்டார்கள். கடைசியில் வழக்கு மடத்தின் பக்கமே சாய்ந்தது. தன் வீட்டில் தன் துணியைத் தன் காலால் மிதிப்பதற்கு ஒரு ஊரே போராடித் தோற்ற கதை இது.

லண்டனிலும் எதிர்ப்பு இருந்தது. நகரத்துத் துணியை வெளியே உள்ள ஆலைகளுக்கு அனுப்புவதால் தங்கள் பிழைப்பு போகிறது என்று அங்கிருந்த ஃபுல்லர்கள் குரல் எழுப்ப, 1298-இல் நகர நிர்வாகம் அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இருந்தாலும் காலும் சுத்தியலும் நெடுநாள் பக்கம் பக்கமாகவே இருந்தன. வில்லியம் லாங்லண்டு 14-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுதிய 'பியர்ஸ் பிளௌமன்' என்ற நெடும்பாடலில், தறியிலிருந்து வந்த துணி காலடியிலோ ஆலைத் தொட்டியிலோ மிதிபடாமல் உடுத்தத் தகுதியாகாது என்று ஒரு பகுதி வருகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். அவர் காலத்து வாசகர்கள் இரண்டையும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே பரம்பரையாக வாக்கர் என்று முதலில் பெயர் பெற்றவர்களில் எத்தனையோ பேர் தொட்டியில் இறங்கி மிதித்தே இருக்க மாட்டார்கள். ஆலைக்குப் பக்கத்தில் நின்று சுத்தியலைக் கவனித்திருப்பார்கள். சொல் மட்டும் காலோடு நின்றுவிட்டது.

பெயர்களின் நிலப்படம்

1881-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ஆய்வாளர்கள் குடும்பப் பெயர்களுக்கு நிலப்படம் வரைந்திருக்கிறார்கள். தொழிற்புரட்சியால் மக்கள் இடம் பெயர்ந்து பல தலைமுறைகள் ஆன பின்பு எடுத்த கணக்கு அது. அப்படியும் இந்த மூன்று பெயர்களும் பழைய எல்லைகளைப் பெரிய அளவில் காத்து நிற்கின்றன. யார்க்ஷயர், லங்காஷயர், மேற்கு மிட்லண்ட்ஸ், ஸ்காட்லாந்தின் தாழ்நிலம் எங்கும் வாக்கர். சசெக்ஸ், கென்ட், சஃபோக், நார்ஃபோக் பக்கம் ஃபுல்லர். டெவன், சோமர்செட், கார்ன்வால், டோர்செட் பக்கம் டக்கர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன வட்டார வழக்கின் எல்லைக்கோடு, மனிதர்களின் பெயர்களில் உயிரோடு இருக்கிறது.

மூன்றில் வாக்கர் மட்டும் இவ்வளவு பெருகியது எப்படி? ஃபுல்லரும் டக்கரும் எண்ணிக்கையில் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. வாக்கர் என்ற சொல் புழங்கிய நிலப்பரப்பு பெரியது, அது ஒரு காரணம். இன்னொன்று, லீட்ஸ், ஹாலிஃபாக்ஸ், ஹடர்ஸ்ஃபீல்டு என்று 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் மக்கள்தொகை பொங்கிப் பெருகிய ஊர்கள் அந்தப் பரப்பில்தான் இருந்தன. தென்மேற்கின் கம்பளித் தொழிலோ அதே காலத்தில் சரிந்தது. வடக்கின் வளர்ச்சி வாக்கரைத் தூக்கிவிட்டது என்பது என் கணிப்பு.

டக்கர்களின் ஊர் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் எக்ஸிடரைத்தான் காட்டுவேன். அங்கே ஃபோர் வீதியில் டக்கர்ஸ் ஹால் என்ற கட்டடம் இன்றும் நிற்கிறது. நெசவாளர், துணி மிதிப்பவர், மயிர் கத்தரிப்பவர் ஆகியோரின் தொழிற்சங்கம் 1471-இல் தன் வழிபாட்டுக்காகக் கட்டியது. 1698-இல் சீலியா ஃபைன்ஸ் என்ற பெண்மணி குதிரையில் நாடு சுற்றியபோது எக்ஸிடருக்கு வந்தார். பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பழக்கம் அவருக்கு. துணியைச் சிறுநீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு, ஆலைக்குள் விடுகிறார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார். ஆலையின் மரக்கட்டைகள் பெரிய பற்களைப் போலப் பிளவுபட்டிருப்பதையும், அவை துணியைக் கிழித்துவிடும் என்று நினைத்தால் கிழிக்காமல் உள்ளே இழுத்து வெளியே தள்ளுவதையும் ரசித்து எழுதியிருக்கிறார். ஊரைச் சுற்றி ஆற்றுப் பக்கமாக வயல் வயலாக மரச்சட்டங்களில் துணி காய்ந்துகொண்டிருந்ததாம்.

மற்றத் துணித் தொழில்களிலும் இந்த வட்டாரப் பிளவு உண்டு. சாயம் தோய்ப்பவர் தெற்கே டையர், வடக்கே லிஸ்டர். நெசவாளர் தெற்கே வெப், வடக்கே வெப்ஸ்டர். கம்பளி மயிரைச் சிக்கெடுப்பவர் டெவனில் டோசர். மயிர் கத்தரித்தவர் ஷெர்மன். ஒரு துணியின் பயணத்தைத் தொலைபேசிக் கையேட்டின் பெயர்களைக் கொண்டே வரைந்துவிடலாம்.

எல்லா வாக்கரும் மிதித்தவரா?

இல்லை. நியூகாசில் பக்கத்தில் வாக்கர் என்றே ஒரு ஊர் இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்பது அந்த ஊர்ப்பெயரின் பொருள். துணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஊரிலிருந்து கிளம்பிய சிலருக்கு ஊர்ப்பெயரே குடும்பப் பெயராகியிருக்கும். அரசனின் காட்டில் ரோந்து நடந்த காவலரின் பெயர் இது என்று பழைய நூல்களில் ஒரு விளக்கம் காணப்படும். காட்டின் காவல் எல்லைகளை 'வாக்' என்று அழைத்தது உண்மைதான், ஆனால் இத்தனை லட்சம் பேருக்கான பெயரை அதிலிருந்து பெற முடியாது.

ஜானி வாக்கர் விஸ்கி புட்டியின் மேல் தொப்பியும் தடியுமாக விரைந்து நடக்கும் கனவானை எல்லோரும் பார்த்திருப்போம். ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் 1820-இல் மளிகைக் கடை திறந்த ஜான் வாக்கர்தான் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். நடக்கும் உருவத்தை 1908-இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்து கொடுத்தார். அது வந்த பிறகு வாக்கர் என்றால் நடப்பவர் என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பதிந்துவிட்டது. இலங்கையின் தோட்டங்களுக்கு இயந்திரங்கள் செய்து கொடுத்துப் பேர் வாங்கிய வாக்கர் சன்ஸ் நிறுவனத்தை 19-ஆம் நூற்றாண்டில் கண்டியில் தொடங்கியவரும் ஸ்காட்லாந்துக்காரரான இன்னொரு ஜான் வாக்கர். இருவருக்கும் உறவு இருக்க வேண்டிய தேவையே இல்லை. ஊருக்கு ஊர் துணி மிதித்தார்கள், ஊருக்கு ஊர் இந்தப் பெயர் தனித்தனியாக முளைத்தது.

மரபணு ஆய்வும் இதையே சொல்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டுரி கிங், மார்க் ஜோப்லிங் இருவரும் 40 ஆங்கிலக் குடும்பப் பெயர்களைக் கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோமை, அதாவது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் மரபுப் பொருளை, ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர் கொண்டவர்களில் பெரும்பாலோர் ஒரே ஆண் வழியில் வந்தவர்கள். ஸ்மித் போன்ற பரவலான தொழிற்பெயர்களில் அப்படி எதுவும் தென்படவில்லை. வழியில் போகும் இரண்டு பேரை நிறுத்திப் பார்ப்பதும் ஒன்றுதான். வாக்கரும் ஸ்மித்தின் வகைதான்.

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் கேலிக் மொழி பேசியவர்களிடம் 'துணி மிதிப்பவரின் மகன்' என்று பொருள்படும் ஒரு பெயர் இருந்தது, மக் அன் ஊக்கதர் என்று. ஆங்கிலம் பரவியபோது பலர் அதை விட்டுவிட்டு வாக்கர் என்று எழுதிக்கொண்டார்கள். தொலைவுத் தீவுகளில் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைகூடப் பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி முதலடி எடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடி, தாளத்துக்கு ஈரத்துணியை அடித்துத் தடிப்பாக்கினார்கள். அந்தப் பாட்டுகள் நூற்றுக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன. வேல்ஸில் நிலைமை வேறு. துணி மிதிக்கும் ஆலைக்கு அங்கே பாண்டி என்று பெயர். டோனிபாண்டி என்ற சுரங்க ஊரின் பெயரில் அது இருக்கிறது. ஆனால் வேல்ஸ்காரர்கள் தொழிலை விட்டுத் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக்கியதால், ஆலை ஊர்ப்பெயரோடு நின்றுவிட்டது.

அமெரிக்காவில் 2010 கணக்கெடுப்பின்படி 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். யார்க்ஷயரின் தொட்டிகளிலிருந்து ரத்த வழியாக வந்த பெயர் அல்ல அவர்களுடையது. அடிமைகளாக இருந்தவர்களில் சிலர் பண்ணை முதலாளியின் குடும்பப் பெயரைத் தாங்கினார்கள், சிலர் பழைய முதலாளி ஒருவரின் பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் தாமே விரும்பி ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். கூந்தல் பொருட்கள் விற்று அமெரிக்காவின் பெரும் பணக்காரக் கறுப்பினப் பெண்மணியாக உயர்ந்த மேடம் சி. ஜே. வாக்கர் 1867-இல் லூசியானாவில் பிறந்தபோது சாரா பிரீட்லவ். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்தபோது வந்த பெயரை, மணமுறிவுக்குப் பிறகும் அவர் விடவில்லை. அவர் கட்டி எழுப்பிய வணிகமே அந்தப் பெயரில்தான் நடந்தது.

இங்கிலாந்தில் ஒரு வாக்கர் தன் வேரைத் தேடினால், பொறுமை இருந்தால், 1538-க்குப் பிந்தைய தேவாலயப் பதிவேடுகள் வரை போய்ப் பார்க்கலாம். அமெரிக்காவின் கறுப்பின வாக்கர் ஒருவர் தேடும்போது பெரும்பாலும் 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே பாதை அடைபட்டுவிடுகிறது. அடிமைகளாக இருந்த எல்லோரையும் பெயர் சொல்லிப் பதிந்த முதல் கணக்கெடுப்பு அதுதான். அதற்கு முந்தைய 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும்.